விளக்கு மின்னினால் யார் முதலில் போவது

எங்கள் ஊரில் எதிரே வரும் கார் முகப்பு விளக்கை ஒருமுறை மின்னவிட்டு அணைத்தால், ‘நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன்’ என்று பொருள். எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன். எது என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நான் சொல்வது நியூசிலாந்தின் தென்தீவில் இருக்கும் கிறைஸ்ட்சர்ச் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஆட்டுப் பண்ணைகளையும். எங்கள் இன்னொரு ஊரில், அதாவது தாம்பரத்திலும் அதைச் சுற்றி மாடம்பாக்கம், முடிச்சூர் வரையிலும், அதே விளக்கு அதே மாதிரி மின்னினால், ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று பொருள். விளக்கு ஒன்று, விரல் அசைவு ஒன்று, செய்தி மட்டும் நேர் எதிர். தாம்பரத்தில் இருந்தவரை என்னிடம் ஒரு பழைய ஸ்கூட்டர்தான் இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நியூசிலாந்து போன பிறகு. அதனால் இந்த வித்தியாசம் எனக்கு எழுபத்திரண்டு வயதில், முடிச்சூர் சாலையில், ஒரு தண்ணீர் லாரியின் புண்ணியத்தில்தான் தெரியவந்தது.

போன குளிர்காலத்தில் நானும் என் மனைவி எஸ்தரும் மாடம்பாக்கத்துக்கு வந்து இறங்கினோம். வேறு நாட்டின் குடிமக்களாகிவிட்டபடியால் எங்களுக்குக் கிடைத்தது சுற்றுலா விசா. ஆனால் நாங்கள் சுற்றிப் பார்க்க வரவில்லை. இங்கேயே திரும்பி வந்து மிச்ச காலத்தைக் கழிக்க முடியுமா என்று இருந்து பார்க்க வந்தோம். எஸ்தரின் அக்கா ரூத், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவர், மாடம்பாக்கத்தில் தனியாக இருக்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆன பிறகு வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. எஸ்தருக்கு விமானத்தில் ஏறும்போதே முடிவு ஆகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. கிறைஸ்ட்சர்ச் வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகளுக்காகக் கேட்டிருந்தார். ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்திருந்தேன். எஸ்தரிடம் நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். இங்கே நானே கார் ஓட்ட முடிந்தால் இருப்போம். ரூத் அக்காவை வாரத்தில் மூன்று முறை முடிச்சூரில் அவருக்குப் பழக்கமான பிசியோதெரபி டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். வாடகைக் கார்க்காரர்கள் வாக்கரைப் பார்த்ததும் ஏதாவது காரணம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் தயவில் வாசலில் நின்று காத்திருக்கும் கிழவனாக என்னால் இருக்க முடியாது.

ஆகவே நாமே ஓட்டிக்கொள்ளும் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். என்னுடையது வெளிநாட்டு உரிமம் என்பதால், வெளிநாட்டுப் பயணிகளுக்கான சாலை உதவித் திட்டம் ஒன்றையும் கூடவே சேர்த்துவிட்டார்கள். முதல் வாரம் முழுக்க வேகத்தடைகளை எண்ணினேன். கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு எண்ணினால்தான் பயம் அடங்கும். மாடம்பாக்கத்திலிருந்து முடிச்சூர் வரை முப்பத்தொன்று. அவற்றில் வெள்ளைக்கோடு போட்டவை நான்கு. மற்ற இருபத்தேழையும் மனப்பாடம் செய்தேன். பின்சீட்டில் உட்கார்ந்து ரூத் அக்கா, “தம்பி, நீ ஓட்டுறியா, பரீட்சை எழுதுறியா?” என்பார்.

சாலை உதவி என்ற சொல்லைக் கேட்டு எஸ்தர் அன்றைக்கே சிரித்தாள். அந்த மாதிரி ஒரு நிறுவனத்தில்தான் நான் கிறைஸ்ட்சர்ச்சில் பதினேழு வருஷம் வேலை பார்த்தேன். போன புதிதில் என் ஆசிரியர் பட்டத்தை அங்கே யாரும் ஏற்கவில்லை. கிடைத்தது தொலைபேசி வேலை. சாலையில் வண்டி நின்றுபோனவர்கள் கூப்பிடும் நிலையம். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வாடகைக் காரில் ஊர் சுற்ற வந்த வெளிநாட்டுக்காரர்கள். எங்கே நிற்கிறீர்கள் என்றால் அவர்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி என்பார்கள். தென்தீவில் பாதி இடம் அப்படித்தான். ‘பக்கத்தில் ஆடுகள் நிற்கின்றன’ என்று அடையாளம் சொன்னவர்களைக் கொஞ்சகாலம் எண்ணிக்கொண்டு வந்தேன். நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் கேள்வி, ‘பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?’ என்பது. அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். லாரிகள் உரசிக்கொண்டு போகும் வளைவில் குழந்தையோடு நிற்பவர்கூட ஆமாம் என்பார். முன்பின் தெரியாதவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சம். அதனால் அந்தப் பதிலை நம்பக் கூடாது. இரண்டாவதாக, ‘நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து என்ன தெரிகிறது?’ என்று கேட்க வேண்டும். உண்மை அதற்குத்தான் வெளியே வரும்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் இத்தாலியரிடம், ‘ஸ்டெப்னி இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டேன். அவர் தன் மனைவியிடம் ஏதோ விசாரித்துவிட்டு, அப்படி யாரும் எங்களோடு வரவில்லை என்றார். பக்கத்து மேசைக்காரர்களுக்கும் அந்தச் சொல் புரியவில்லை. மாற்றுச் சக்கரத்துக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர் என்று நான் நினைத்திருந்தேன். பிறகு அவர்களுடைய சொல்லைக் கற்றுக்கொண்டேன். பல வருஷம் கழித்து ஒரு மலைக் கணவாயிலிருந்து ஓர் ஆள் உடைந்த ஆங்கிலத்தில் கூப்பிட்டார். பின்னால் ஒரு பெண்குரல், “சீக்கிரம் சொல்லுங்க, குளிருது” என்றது. நான், “சார், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கான்னு பாருங்க” என்றேன். அவர், “சார், நீங்க எந்த ஊரு?” என்றார். குரோம்பேட்டைக்காரர். பழுது பார்க்கும் வண்டி போய்ச் சேரும்வரை தொலைபேசியை வைக்க அவருக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இப்போது முடிச்சூர் சாலைக்கு வருகிறேன். பின்சீட்டில் ரூத் அக்கா, பக்கத்தில் எஸ்தர். டாக்டரின் தெருவுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. எனக்காக விளக்கை மின்னவிட்டது. இவ்வளவு பெரிய வண்டிக்காரர் ஒரு கிழவனுக்கு வழி விடுகிறாரே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நன்றி சொல்லக் கையை வேறு தூக்கினேன். தூக்கிக்கொண்டே திரும்பினேன். லாரி நிற்கவில்லை. அதன் ஹாரன் சத்தம் காருக்குள் வந்து உட்கார்ந்தது. எஸ்தர் என் பெயரைச் சொல்லிக் கத்த, நான் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். லாரி கடந்து போனது. கார் இடது ஓரத்தில், மழைநீர்க் கால்வாயின் உடைந்த மூடியில் முன்சக்கரத்தை இடித்து நின்றது. டயர் வெடித்துவிட்டது. காரின் பின்பாதி இன்னும் சாலையில்தான் இருந்தது. ரூத் அக்கா, “எல்லாரும் முழுசா இருக்கமா?” என்று கேட்டார். இருந்தோம்.

ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்ததை நானே செய்யத் தொடங்கினேன். முதலில் நான்கு ஓர விளக்குகளையும் ஒன்றாக மினுக்கவிட்டேன். நியூசிலாந்தில் அதற்கு, வண்டி பழுது, விலகிப் போங்கள் என்று அர்த்தம். ஒரு பைக் என் கண்ணாடி ஓரமாக வந்து நின்றது. “இன்னா பெரியவரே, நேரா போறேன்னு லைட்டப் போட்டுகினு இங்கியே குந்திகினு கீற. போறதுன்னா போயேன்” என்றார் அதன் மேல் இருந்தவர். நாற்சந்திகளில் நேராகப் போகிறவர்கள் இங்கே அந்த விளக்கைப் போடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் டயரைக் காட்டினேன். “அட, படுத்துகிச்சா” என்று குரல் இறங்கி, நகர்ந்துவிட்டார்.

அடுத்தது, பின்னால் வருகிறவர்களை எச்சரிக்க வைக்கும் சிவப்பு முக்கோணம். டிக்கியிலிருந்து எடுத்துப் போய்க் காருக்குப் பின்னால் சாலையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கதவைத் திறப்பதற்குள் ஸ்கூட்டியில் ஒரு கல்லூரிப் பெண் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். “அங்கிள், இது உங்க வண்டிலேர்ந்து விழுந்துச்சு.”

“விழலம்மா. நான்தான் வச்சேன்.”

“ரோட்லயா? ஏன் அங்கிள்?”

அவள் கேட்ட விதத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். மூன்றாவது விதி, வண்டியிலிருந்து இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்பது. இங்கே தடுப்புக் கம்பி இல்லை, கால்வாய்தான் இருந்தது. ரூத் அக்காவால் வாக்கரோடு அதைத் தாண்ட முடியாது. பஸ்கள் எங்கள் காரின் பின்புறத்தை உரசுகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கார் ஒருமுறை ஆடியது. ஏழு பஸ்கள் வரை எண்ணினேன். எஸ்தர் உதவி எண்ணைப் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா என்று கேட்டாள். நான் சட்டென்று, இருக்கிறேன் என்றேன். எல்லோரும் சொல்லும் அதே பதில். பிறகு, “ஏம்மா, தமிழ் தெரியுமா?” என்றேன்.

“தெரியும் சார். ஆனா உங்களுது ஃபாரின் டூரிஸ்ட் பிளான். இங்கிலீஷ்லதான் பேசணும். கால் ரெக்கார்ட் ஆகுது சார்” என்று தமிழில் மெதுவாகச் சொல்லிவிட்டு, மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பினாள். அடையாளம் ஏதாவது சொல்லுங்கள் என்றாள். ஸ்கூட்டர் காலத்து நினைவில், பழைய ரைஸ் மில் தாண்டி, வயலுக்கு எதிரே என்றேன். அவளுடைய வரைபடத்தில் ரைஸ் மில்லும் இல்லை, வயலும் இல்லை. எனக்கு எதிரிலும் இல்லை. வரிசையாக அடுக்குமாடிகள்தான் இருந்தன. அதில் எதன் பெயரும் என் மூக்குக்கண்ணாடிக்குத் தெரியவில்லை. ஆடுகள் நிற்கின்றன என்று சொன்ன நூறு பேரும் அப்போது என் பக்கத்தில் வந்து நின்றுகொண்ட மாதிரி இருந்தது.

அதற்குள் கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அங்கே சோபாவுக்கு உறை தைக்கும் கடை வைத்திருப்பவர். காதர் பாய் என்று கடைப் பலகையிலேயே போட்டிருந்தது. என் கையிலிருந்த முக்கோணத்தைப் பார்த்தார். “இத எவன் சார் பாப்பான்? எதுனா கட்சி போர்டுன்னு நெனச்சுகினு மேல ஏத்திட்டுப் போவான்” என்றார். கடையோரம் நின்ற புங்கமரத்தில் ஆளுயரக் கிளை ஒன்றை முறித்துக்கொண்டு வந்தார். காருக்குப் பின்னால் இரண்டு கல்லை வைத்து அதில் கிளையைச் செருகினார். அடுத்து வந்த பஸ் தூரத்திலேயே ஒதுங்கிப் போயிற்று. அதற்கடுத்த லாரியும் ஒதுங்கியது. நான்கு விளக்குக்கும் முக்கோணத்துக்கும் அசையாத சாலை, ஒரு பச்சைக் கிளைக்கு வளைந்து போனது. பிறகு பாய் கடையிலிருந்து இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து கால்வாய்மேல் போட்டார். அவரும் எஸ்தருமாக ரூத் அக்காவைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய், மேலுறை போடாத ஒரு சோபாவில் உட்காரவைத்தார்கள். வெறும் ஸ்பாஞ்சும் சட்டமுமாக இருந்த அந்தச் சோபாவில், மரத்தடியில், ரூத் அக்கா பள்ளி ஆண்டுவிழாத் தலைமை விருந்தினர் மாதிரி உட்கார்ந்தார்.

தொலைபேசியில் அந்தப் பெண் இன்னும் இடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பாய் கையை நீட்டி வாங்கினார். “அம்மா, உங்க மெக்கானிக் லோக்கல் ஆளா? அப்ப அவன்கிட்ட போட் ஸ்டாப்புன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத, கொழம்பிடுவான்.”

அவர் சொன்னது என் காதில் பஸ் ஸ்டாப் என்று விழுந்தது. “இங்க பஸ் ஸ்டாப் எதுவும் காணலையே பாய்” என்றேன்.

“பஸ் இல்ல சார். போட். படகு.”

“இங்க ஏது படகு?”

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சார் வெளியூரா?”

இதற்கு நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சோபாவிலிருந்து பதில் வந்தது. “வெளியூர் இல்ல பாய். அப்போ ஊர்ல இல்ல.”

பாய்க்கு அது போதுமாக இருந்தது. எனக்காகத்தான் விளக்கினார். பெருவெள்ளத்தின்போது அந்தப் பக்கத் தெருக்கள் முழுக்கத் தண்ணீர். இந்த மேட்டில்தான் படகுகள் வந்து ஆட்களை இறக்கின. “அன்னியிலேர்ந்து இதுக்குப் பேரே போட் ஸ்டாப்புதான் சார். ஷேர் ஆட்டோக்காரன்கூட அப்டிதான் கூவுவான்” என்றார்.

“என்னையும் இங்கதான் எறக்கினாங்க” என்றார் ரூத் அக்கா.

எஸ்தர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளத்தின்போது ரூத் அக்கா முடிச்சூரில்தான் குடியிருந்தார். செய்தியைப் பார்த்துவிட்டு எஸ்தர் விடாமல் கூப்பிட்டு, ஒருவழியாகத் தொடர்பு கிடைத்தபோது, பத்திரமாக இருக்கிறேன் என்று அக்கா சொன்னார். நாங்கள் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

“தண்ணி வாசப்படி வரைக்கும்தான் வந்துச்சுன்னு சொன்னியேக்கா.”

“வாசப்படி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் உள்ளயும் வந்துச்சு. அதை நீ கேக்கல.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா? நீ அங்கேர்ந்து அழுதா இங்க வடிஞ்சிடுமா?”

பாய் கிளையைச் சரிசெய்யப் போவதுபோல் நகர்ந்துவிட்டார். பதினேழு வருஷம் அன்னியர்களிடம் கேட்ட கேள்வி எனக்கு வாயில் தயாராக இருந்தது. “அக்கா, நீங்க இருந்த எடத்துலேர்ந்து என்ன தெரிஞ்சுது?” என்றேன்.

யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை என்பது ரூத் அக்காவின் முகத்தில் தெரிந்தது. “மெடிக்கல் ஷாப் போர்டு தெரிஞ்சுது தம்பி. மேல்பாதிதான். அப்புறம் எதிர்வீட்டு மொட்டைமாடியில ஒரு ஆடு நின்னுச்சு. யாரோ ஏத்திவிட்டுட்டுப் போயிட்டாங்க. ராத்திரி கரண்ட் இல்லாம ஒண்ணும் தெரியாது. அது கத்தும். நான் இருக்கேன், இருக்கேன்னு சொல்லுவேன். படகு வந்தப்போ அதையும் ஏத்திக்கோங்கன்னேன். ஆளுக்கே எடமில்ல டீச்சர்னு சொல்லிட்டான்.” கடைசியில், “அந்த ஆடு என்ன ஆச்சுன்னு தெரியல” என்றார். ஆடு என்ற சொல்லுக்கு நான் எத்தனை முறை சலித்துக்கொண்டிருப்பேன். அக்காவின் கை என் பக்கம்தான் இருந்தது. பிடித்துக்கொண்டேன். அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மெக்கானிக் ஒரு வார்த்தை வழி கேட்காமல் நேராக வந்து சேர்ந்தார். “போட் ஸ்டாப்புன்னு சொல்லிட்டாங்க, அவ்ளோதான்” என்றார். ஸ்டெப்னியை மாட்டிவிட்டுப் போனார். பாய் ஒரு பேச்சுக்குக்கூட எங்களை அவசரப்படுத்தவில்லை. புறப்படும்போது முக்கோணத்தையும் புங்கங்கிளையையும் சேர்த்தே டிக்கியில் போட்டார். “வச்சுக்கங்க சார், வழியில மறுபடி படுத்தா மரம் தேட வேணாம்.” சற்று நேரத்தில் அந்தப் பெண் கூப்பிட்டு, எல்லாம் சரியாகிவிட்டதா என்று விசாரித்து, இந்தியாவில் உங்கள் விடுமுறை இனிமையாக அமையட்டும் என்று ஆங்கிலத்தில் வாழ்த்தினாள். வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, “சார், போட் ஸ்டாப்னா என்ன சார்? நான் மதுரை” என்றாள். வெள்ளத்தில் படகு வந்து ஆட்களை இறக்கிய இடம் அம்மா, இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் உள்ளூர்க்காரன் குரல் மாதிரி இருந்ததாக எஸ்தர் பிறகு கேலி செய்தாள்.

நான் போட்ட நிபந்தனையில் நானே தேறவில்லை. இந்தச் சாலையில் என்னால் ஓட்ட முடியாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. வீடு திரும்பும்போது வேகத்தடைகளில் பதினொன்றைத் தவறவிட்டேன். பதினொன்றிலும் ரூத் அக்கா முனகினார். ஆனால் ‘பத்திரமா இருக்கீங்களா’ என்று போனில் கேட்டு, ‘இருக்கேன்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு இனி கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போய் நான் தூங்க முடியாது. அந்தப் பதிலின் தரம் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று மாலையே, வீட்டை உங்கள் மகளுக்குத் தருகிறேன் என்று தகவல் அனுப்பினேன். எஸ்தர் படித்துப் பார்த்துவிட்டு, “கார்?” என்று மட்டும் கேட்டாள். “மரத்தைப் பாத்து ஒதுங்குற ஊர்ல ஆள் கிடைக்காமலா போயிடும்” என்றேன். காதர் பாய் இப்போது ஓர் ஆட்டோக்காரரை ஏற்பாடு செய்திருக்கிறார். அவர் வாக்கரைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. நானும் வாசலில் நின்று அவருக்காகக் காத்திருக்கத்தான் செய்தேன்.

மாடம்பாக்கத்தை இங்கே, இங்கே என்று சொல்லிக்கொண்டு வந்தாலும், இதை நான் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்துதான் எழுதுகிறேன். எஸ்தர் மாடம்பாக்கத்திலேயே அக்காவோடு இருந்துவிட்டாள். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க நான் மட்டும் வந்தேன். நேற்று, பண்ணைகளுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலத்துக்கு வந்தேன். இந்த ஊரில் அப்படி நிறையப் பாலங்கள் உண்டு. எதிர்க்கரையில் ஒரு பண்ணைக்காரரின் வண்டி வந்து நின்றது. அவர் விளக்கை ஒருமுறை மின்னவிட்டு அணைத்தார். என் கால் தானாகப் போய் பிரேக்கை அழுத்திக்கொண்டது. அவர் வரட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் வரட்டும் என்று அவர் காத்திருந்தார். மறுபடி மின்னவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி நின்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பாலம் காலியாகக் கிடந்தது. அடியில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.